இடது பக்கம் சுத்துற பம்பரம்

கொஞ்சம் நீளமான த்ரெட் மக்களே. பேபிளேட் பத்தினது. பிறக்கும்போதே ஒரு கை சரியா தூக்க முடியாம பிறந்த குழந்தை உங்க வீட்டிலோ தெரிஞ்சவங்க வீட்டிலோ இருந்தா கட்டாயம் கடைசி வரைக்கும் படிங்க. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு போகப் போகத் தெரியும்.

வீட்டில் 7 வயசிலிருந்து 13 வயசுக்குள் பிள்ளைகள் இருந்தால் பேபிளேட் என்ற பேரைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. "இன்னும் ஒண்ணே ஒண்ணு வாங்கிக் குடுப்பா, இதுக்கு மேல கேக்க மாட்டேன்" என்பதையும் கேட்டிருப்பீர்கள். தெரியாதவங்களுக்குச் சொல்றேன். அது பம்பரம்தான். சாட்டைக்குப் பதில் லாஞ்சர்னு ஒரு கருவி. தரைக்குப் பதில் கிண்ணம் மாதிரி குழிவான பிளாஸ்டிக் தட்டு, அதுக்குப் பேர் ஸ்டேடியம். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் விடணும். ரெண்டும் மோதிக்கும். வெளியே விழுந்தது தோத்தது, முதல்ல நின்னது தோத்தது, அடி வாங்கி பாகம் பாகமா கழண்டு விழுந்தது ரொம்ப மோசமா தோத்தது.

ஜப்பானில் பேகோமா என்று பழைய விளையாட்டு ஒன்று உண்டு. வார்ப்பிரும்பில் செஞ்ச குட்டிப் பம்பரங்களை மோத விடுவாங்க. அதிலிருந்து டகாரா என்ற பொம்மை கம்பெனி 1999-ல் உருவாக்கினதுதான் பேபிளேட். கார்ட்டூனும் பின்னாடியே வந்தது. அப்புறம் கேக்கணுமா!

நம்ம பம்பரத்துக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம், இதைக் கழட்டி மாட்டலாம். மேல் பாகம் ஒரு பம்பரத்திலிருந்து, நடுவில் இருக்கும் கனமான உலோகத் தட்டு இன்னொன்னிலிருந்து, அடியில் தரையைத் தொடும் முனை வேறொன்னிலிருந்து. இந்தச் சேர்க்கைக்குத்தான் பசங்க காம்போன்னு பேர் வெச்சிருக்காங்க. போட்டியில பாதி ஜெயிக்கிறது லாஞ்சரை இழுக்கும்போது இல்ல, அதுக்கு முன்னாடி வீட்டில் உட்கார்ந்து காம்போ போடும்போதே முடிஞ்சுடுது.

கடலூரில் கிளினிக் வெச்சிருக்கிற எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

சிதம்பரத்திலிருந்து மாசம் ஒருமுறை அம்மாவோட பஸ்ல வர்ற ஒரு 10 வயசுப் பையன்தான் குரு. அம்மாவோட அனுமதியோடதான் எழுதறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விஷயங்களை மாத்தியிருக்கேன்.

அவனுக்கு வலது கை பிறந்ததிலிருந்தே பலவீனம். எர்ப்ஸ் பால்சின்னு சொல்வோம். கழுத்துத் தண்டுவடத்திலிருந்து அஞ்சு நரம்பு வேர்கள் கிளம்பி, ஒண்ணோட ஒண்ணு பின்னி, தோள் வழியா கைக்கு இறங்கும். பிரசவத்தில் தலை வெளியே வந்து தோள் மாட்டிக்கிட்டா, அந்தப் பின்னல் இழுபட்டு அடிபடலாம். பெரும்பாலும் மேல ரெண்டு வேர்கள்தான் பாதிக்கும். தோளைத் தூக்க முடியாது, வெளிப்பக்கம் திருப்ப முடியாது, முழங்கையை மடக்கக் கஷ்டம். விரல்கள் மட்டும் நல்லா வேலை செய்யும். குழந்தை எடை அதிகமா இருந்தா, அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தா வாய்ப்பு கூடும். யாருக்கும் எந்தக் குறையும் இல்லாமலும் நடக்கும்.

நல்ல செய்தி, நிறைய குழந்தைகளுக்கு சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகவே தேறிடும். கெட்ட செய்தியும் அதேதான். "தேறிடும், எண்ணெய் தேச்சு உருவி விடுங்க" என்று ஒரு ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிட்டாங்க இந்த அம்மாவை. எண்ணெய் தேச்சாங்க. ரெண்டு வருஷம் தேச்சாங்க.

இதை மட்டும் மனசுல வெச்சுக்குங்க. குழந்தைக்கு 3 மாசம் ஆகியும் முழங்கையை மடக்கிக் கையை வாய்க்குக் கொண்டு போகலைன்னா காத்திருக்காதீங்க. இந்த நரம்புகளைப் பார்க்கிற சிறப்பு மருத்துவரிடம் காட்டணும். நரம்பைச் சரி செய்யும் ஆபரேஷன் தேவைப்பட்டால் முதல் வருஷத்துக்குள்ள செஞ்சாதான் நல்ல பலன். மூட்டுகள் இறுகாம இருக்க பிசியோதெரபி முதல் சில வாரங்களிலேயே ஆரம்பிக்கணும். எண்ணெய் தேய்க்கிறது தப்பில்ல. அது மட்டுமே சிகிச்சை இல்ல.

இந்தப் பையனுக்கு அந்தக் காலம் கடந்துபோச்சு. இடது கையால எழுதுறான், சாப்பிடறான், நல்லாப் படிக்கிறான். வலது கை தோள் உயரத்துக்கு வராது. பிசியோ பயிற்சின்னா அவனுக்கு வேப்பங்காய். ரப்பர் பட்டையை இழுக்கச் சொன்னா ஏழாவது தடவையிலேயே "வயித்து வலி சார்" வந்துடும்.

ஒருநாள் கிளினிக்ல உட்கார்ந்தவன் என்கிட்ட வேற எதுவும் கேக்கல.

"சார், என் பேபிளேட் ஒரு மேட்ச்கூட ஜெயிக்கல. எல்லா ஞாயித்துக்கிழமையும் தோக்கறேன். டாக்டருக்கு சயின்ஸ் தெரியும்ல?"

அம்மா சங்கடப்பட்டாங்க. "சாரை அதெல்லாம் கேக்கக் கூடாது"ன்னு தொடையில் ஒரு தட்டு. எனக்கு என்னவோ, அன்னைக்கு வந்த கேள்வியிலேயே இதுதான் உருப்படியான கேள்வின்னு பட்டது. மேட்ச் வீடியோ அனுப்பச் சொன்னேன்.

ராத்திரி வாட்ஸப்பில் பதினோரு வீடியோ! தெற்கு வீதிக்குப் பக்கத்தில் ஒரு மொட்டை மாடி. ஆறேழு பசங்க. பின்னணியில் கோயில் கோபுரம்.

அதைப் பார்த்ததும் எனக்கு எங்க தெரு ஞாபகம். நான் கடலூர் முதுநகரில் வளர்ந்தவன். எங்க காலத்தில் பம்பரத்தில் முக்கியமா ரெண்டு ஆட்டம். ஒண்ணு ஓயாக்கட்டை. எல்லாரும் ஒண்ணா விடணும், யாருது கடைசி வரைக்கும் ஓயாம சுத்துதோ அவன் ஜெயிச்சான். இன்னொன்னு குத்து. அபீட் எடுக்கத் தாமதமானவன் பம்பரம் வட்டத்துக்குள்ள போகும், மத்தவங்க அதை ஆணியால குத்துவாங்க. விழற ஓட்டைக்கு ஆக்கர்னு பேரு. புதுக் கட்டையில முதல் ஆக்கர் விழும்போது வர்ற வலி இருக்கே, அதுக்கு மருந்து இன்னும் கண்டுபிடிக்கல.

விவரமான பசங்க ரெண்டு ஆட்டத்துக்கும் ஒரே பம்பரத்தைக் கொண்டுவர மாட்டாங்க. குத்துக்குக் கனமான கட்டை, கூரான நீள ஆணி. ஓயாக்கட்டைக்கு வயிறு அகலமான கட்டை, ஆணியைக் கருங்கல்லில் தேச்சுத் தேச்சு மழமழன்னு ஆக்கி வெச்சிருப்பாங்க. இதுவும் காம்போதான். ஜப்பான்காரன் அதைக் கழட்டி மாட்டற மாதிரி செஞ்சு, ஒவ்வொரு பாகத்துக்கும் தனியா காசு வாங்கறான், அவ்வளவுதான்.

இப்ப கொஞ்சம் சயின்ஸ்.

ஒரு பம்பரம் எவ்வளவு நேரம் சுத்தும் என்பது அதோட எடையை மட்டும் பொறுத்தது இல்ல. அந்த எடை எங்கே இருக்கு என்பது ரொம்ப முக்கியம். மையத்திலிருந்து 1 செ.மீ தூரத்தில் இருக்கும் 10 கிராமை 2 செ.மீ தூரத்துக்குத் தள்ளி வெச்சா, சுழற்சியைத் தக்க வைக்கும் தன்மை ரெண்டு மடங்கு இல்ல, 4 மடங்கு ஆகும். அதனாலதான் நீடித்துச் சுத்தற பேபிளேட்ல உலோகம் எல்லாம் ஓரத்தில் வட்டமா இருக்கும். அடிக்கிற ரகத்தில் ஓரம் வட்டமா இருக்காது, ரெண்டு மூணு இடத்தில் பிதுங்கி நிக்கும், சுத்தியல் மாதிரி.

அடுத்தது முனை. தட்டையான முனை தரையை நிறைய இடத்தில் தேய்க்கும், அந்தத் தேய்ப்பே அதை ஸ்டேடியம் முழுக்க ஓட வைக்கும். வேகமா ஓடி மோதும், சீக்கிரம் களைச்சுப் போகும். கூர்முனை ஒரே இடத்தில் நிக்கும், ரொம்ப நேரம் சுத்தும், ஆனா சாய்ஞ்சு இறங்கினா நிமிராது. உருண்டை முனை சாய்ஞ்சு விழுந்தாலும் உருண்டு நிமிரும். இன்னொரு ரகத்தில் முனை தனியா சுத்தும், பம்பரம் தனியா சுத்தும். தரையோட தேய்மானம் பம்பரத்துக்கு அதிகம் வராது.

பசங்க பாஷையில அடிக்கிறது அட்டாக், தாங்கறது டிஃபென்ஸ், நீடிக்கிறது ஸ்டாமினா. அட்டாக் ஸ்டாமினாவை வெல்லும், ஸ்டாமினா டிஃபென்ஸை, டிஃபென்ஸ் அட்டாக்கை. கல், கத்தரி, காகிதம் மாதிரி. எல்லாத்தையும் ஜெயிக்கிற காம்போன்னு ஒண்ணு கிடையாது. யூடியூப்ல யாராவது அப்படிச் சொன்னா கீழே வாங்கறதுக்கு லிங்க் இருக்கும், பாருங்க.

2023-ல் ஜப்பானில் வந்த பேபிளேட் எக்ஸ் ரகத்தில் புள்ளிக் கணக்கே இதைச் சொல்லிடும். எதிரி ஓயும் வரை சுத்தி நின்னா 1 புள்ளி. உடைச்சாலோ பக்கத்துப் பள்ளத்தில் தள்ளினாலோ 2. எக்ஸ்ட்ரீம் பகுதிக்குள் தூக்கி எறிஞ்சா 3. முதலில் 4 எடுப்பவர் வெற்றி. ஒரே அடியில் 3 வாங்கறவனும் ஜெயிக்கலாம், ஒண்ணு ஒண்ணா சேர்க்கிறவனும் ஜெயிக்கலாம். மூணு பம்பரம் கொண்டுவரும் போட்டியில், ஒரு பாகத்தை ரெண்டு பம்பரத்தில் போடக் கூடாது என்பதும் விதி. நல்ல பாகத்தை எதில் போடறது, எதில் விட்டுக் கொடுக்கிறதுங்கறது அங்கேதான் மூளைக்கு வேலை.

மொட்டை மாடிப் பசங்க வெச்சிருந்தது அதுக்கு முந்தின பர்ஸ்ட் ரகம். பையன் கையில் வால்ட்ரியெக். கார்ட்டூன் ஹீரோவோட பம்பரம், சுத்தமான அட்டாக். அதில் தட்டை முனை வேற மாட்டியிருந்தான். வீடியோவை மெதுவா ஓட விட்டுப் பார்த்தேன். பலவீனமான வலது கையில் லாஞ்சரைப் பிடிக்கிறான், இடது கையால இழுக்கிறான். இழுப்பில் குறையே இல்ல. ஆனா இழுக்கும்போது பிடிச்சிருக்கிற கை தாங்கல. தோள் இறங்குது, லாஞ்சர் சாயுது, பம்பரம் சரிஞ்சு விழுது. பாதி வேகம் அங்கேயே போச்சு. மீதியைத் தட்டை முனை தின்னுடுது.

அட்டாக் காம்போ முழு வேகத்தில் நேராக இறங்கினால்தான் அட்டாக். இல்லன்னா அது தரையைப் பெருக்கற துடைப்பம்.

அப்ப அவனுக்கு வேண்டியது என்ன? சரிஞ்சு விழுந்தாலும் நிமிரணும். பாதி வேகத்தோட ஆரம்பிச்சாலும் கடைசியில் நிக்கணும். முதல் ரெண்டாவது சரி, உருண்டை முனை போட்டுடலாம். பாதி வேகத்துல ஆரம்பிக்கிறது முழு வேகத்துல வர்றதை எப்படித் தாண்டும்?

வேகத்தைக் கடன் வாங்கித்தான்.

கரும்புச்சாறு மெஷினைப் பார்த்திருப்பீங்க. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்புக்குப் பேர் போன மாவட்டம் நம்முது. பக்கத்துப் பக்கத்து உருளைகள் ரெண்டும் எதிரெதிர் திசையில் சுத்தும். அதனாலதான் சந்திக்கிற இடத்தில் ரெண்டோட பரப்பும் ஒரே பக்கமா ஓடி, கரும்பை உள்ளே இழுக்கும். பம்பரமும் அப்படித்தான். ரெண்டும் வலது பக்கமா சுத்தினா, தொடும் இடத்தில் பரப்புகள் எதிரெதிரா ஓடும், பட்டுன்னு அடிச்சுக்கிட்டு விலகும். ஒண்ணு இடது பக்கமா சுத்தினா, தொடும் இடத்தில் ரெண்டும் ஒரே திசை. பல் சக்கரம் மாதிரி வேகமா சுத்தறது மெதுவா சுத்தறதைத் தள்ளி விடும். வேகமானது இழக்கும், மெதுவானது பெறும். ஓரத்தில் ரப்பர் இருந்தா இன்னும் நல்லாப் பத்திக்கும்.

2017-ல் வந்த டிரெயின் ஃபாஃப்னிர் இதுக்குன்னே செஞ்சது. இடது சுழற்சி, ஓரத்தில் ரப்பர். எதிரி எவ்வளவு பலமா விடறானோ அவ்வளவுக்கு நமக்கு லாபம்.

பையனுக்கு மேல் பாகம் ஃபாஃப்னிர். நடுவில் 7-ஆம் எண் டிஸ்க், கனமானது. அடியில் அடாமிக் முனை, தானாகச் சுத்தற பெரிய உருண்டை. கூடவே இடது சுழற்சி லாஞ்சர், அதில் மாட்டும் கைப்பிடி. வலது கை விரல்களில் நல்ல பிடி இருக்கே, அதனால கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சு, முழங்கையை விலாவோட ஒட்டி வெச்சுக்கச் சொன்னேன். இதை எங்க பிசியோதெரபிஸ்ட்தான் திருத்தினாங்க. "ஒட்டியே வெச்சா தோள் எப்ப வேலை செய்யும் டாக்டர்? வாரம் ஒரு விரல் அகலம் விலக்கட்டும்" என்றார். அது சரி.

அம்மா ஒரிஜினலைத் தேடி ஆன்லைனில் வாங்கினாங்க. வருஷா வருஷம் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி தரிசனத்துக்கும் தேர் வீதிகளில் தார்ப்பாய் விரிச்சுக் காப்பி பேபிளேட் விப்பாங்க. ஒரிஜினல் விலைக்கு நாலஞ்சு கிடைக்கும். விளையாடலாம், நான் தப்பு சொல்லல. ஆனா எடை ஒரு பக்கம் கூடக் குறைய இருக்கும், பற்கள் சீக்கிரம் தேஞ்சு முதல் அடியிலேயே கழண்டுடும். போட்டிக்கு ஆகாது.

அதில் விளக்கு எரியுற ரகம் மட்டும் வேண்டவே வேண்டாம். உள்ளே பட்டன் பேட்டரி இருக்கும். பம்பரம் மோதி உடையறதுக்குன்னே இருக்கிற பொருள், பேட்டரி தெறிச்சு வெளியே வரும், வீட்டில் தவழும் தம்பி தங்கச்சி வாயில் போட்டுக்கும். உணவுக்குழாயில் மாட்டினா 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையா அரிக்க ஆரம்பிக்கும். முழுங்கிட்டதா சந்தேகம் வந்தாலே உடனே எக்ஸ்ரே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. 1 வயசுக்கு மேற்பட்ட, விழுங்க முடியற குழந்தைன்னா, போற வழியில் 10 நிமிஷத்துக்கு ஒருமுறை 10 மி.லி தேன், அதிகபட்சம் 6 தடவை குடுக்கலாம். தேனைத் தேடி நேரத்தைக் கழிக்காதீங்க.

சரி, மொட்டை மாடிக்கு வருவோம்.

முதல் ஞாயிறு மூணுல ரெண்டு தோல்வி. லாஞ்சர் பழகல. ரெண்டாவது ஞாயிறு ராத்திரி அம்மாவோட வாய்ஸ் மெசேஜ். பின்னாடி இவன் கத்தறது மட்டும்தான் கேக்குது. தெருவிலேயே பலமா லாஞ்ச் பண்ற ஒரு அண்ணன், எட்டாவது படிக்கிறவன், அவனை ஜெயிச்சுட்டானாம். வீடியோவில் பார்த்தேன். அண்ணனோடது சீறிக்கிட்டு வந்து மூணு தடவை மோதுது. மோத மோத இவனோடது வேகம் எடுக்குது. கடைசியில் ரெண்டும் தள்ளாடுது, அண்ணனோடது படுத்துடுச்சு, இவனோடது உருண்டை முனையில் இன்னும் நாலு சுத்து.

மூணாவது ஞாயிறு, தடை! "லெஃப்ட் ஸ்பின் செல்லாது"ன்னு பசங்க சட்டம் போட்டுட்டாங்க. "அவன் ஜெயிக்கல, பார்ட்தான் ஜெயிக்குது"ன்னு அந்த அண்ணன் சொன்னானாம்.

அம்மாவுக்கு அழுகை. மாடியேறிப் போய் "அவனுக்குக் கை முடியாதுப்பா, விட்டுக் குடுங்க"ன்னு சொல்லட்டுமா சார்னு கேட்டாங்க. வேண்டாம்மான்னேன். அப்படிச் சொன்னா அடுத்த வாரத்திலிருந்து அவனை ஜெயிக்க விடுவாங்க. பத்து வயசுப் பையனுக்கு அதைவிட அவமானம் கிடையாது.

அந்த அண்ணன் கேட்டதிலும் நியாயம் இருக்குங்கறது என் கட்சி. அவங்க யாரிடமும் இடது சுழற்சி இல்ல. ஆனா அதுக்குப் பதிலும் விளையாட்டுக்குள்ளேயே இருக்கு. அண்ணனும் ஒரு இடது பம்பரம் கொண்டு வந்தா, ரெண்டும் ஒரே திசை, கடன் வாங்கற வேலை அங்கேயே முடிஞ்சுது. இல்ல, மெதுவா விட்டுப் பாக்கட்டும். பலமா விடாதவன்கிட்ட திருட என்ன இருக்கு? இதைத்தான் பையன்கிட்ட சொன்னேன். போய் அவங்களுக்கே சொல்லிக் குடுன்னேன். முறைச்சான். எதிரிக்கு எதுக்கு சார் சொல்லணும்னு கேட்டான்.

ஆனா சொல்லியிருக்கான். இப்ப மாடியில் ஆளுக்கு மூணு பம்பரம், அதில் ஒண்ணு மட்டும் இடது இருக்கலாம், பாகம் திரும்ப வரக் கூடாதுன்னு விதி. மத்த ரெண்டுக்கு அவன் வலது சுழற்சியில் ஏதாவது கண்டுபிடிச்சே ஆகணும். ஒண்ணு ஸ்டாமினா. இன்னொன்னுல மறுபடியும் வால்ட்ரியெக்கை மாட்டியிருக்கான், தட்டை முனையோட. ஏன்டான்னா, "ஜெயிக்கறதுக்கு இல்ல சார். ஒரே ஒரு தடவை அண்ணனோடதை மாடிக்கு வெளியே அடிக்கணும்." அதுக்கு லாஞ்சர் சாயாம நிக்கணும். அதுக்குத் தோள் நிக்கணும். ரப்பர் பட்டைக்கு வயித்து வலி வந்தவன், ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி வெறும் லாஞ்சரை நாப்பது தடவை இழுக்கிறானாம். முழங்கை விலாவிலிருந்து நாலு விரல் விலகியிருக்குன்னு பிசியோதெரபிஸ்ட் எழுதி வெச்சிருக்கார்.

பேபிளேட் எர்ப்ஸ் பால்சிக்கு மருந்துன்னு யாரும் ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க, புண்ணியமாப் போகும். நரம்பில் போனது போனதுதான். அடுத்த மாசம் சென்னையில் ஒரு எலும்பு மருத்துவரைப் பார்க்கப் போறாங்க. மேல்கை எலும்பை வெட்டி, கொஞ்சம் வெளிப்பக்கமா திருப்பி வைக்கிற ஆபரேஷன் இந்த வயசில் சிலருக்குப் பொருந்தும். கை வாய்க்கும் தலைக்கும் சுலபமாப் போகும். இவனுக்குப் பொருந்துமான்னு அவங்கதான் சொல்லணும். அம்மா மயக்க மருந்து பத்திக் கேட்டாங்க, செலவு பத்திக் கேட்டாங்க, முதலமைச்சர் காப்பீட்டில் வருமான்னு கேட்டாங்க.

பையன் கேட்டது, கட்டு எத்தனை நாள்?

ஆறு வாரம் வரைக்கும் ஆகலாம்னேன். விரல் விட்டு எண்ணினான். ஆறு ஞாயித்துக்கிழமை. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, லாஞ்சரை மேசை விளிம்பில் கவ்வி வெச்சு ஒரே கையால இழுக்க முடியுமான்னு கேட்டான். தச்சர்கிட்ட கேட்டிருக்கேன். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கார், லாஞ்சரோட.